சீவர்ட் படகுப் பயணம்: அரை நாளா, முழு நாளா?

கேள்வி: ஏப்ரல் 9, 2025

ஜூலை மூன்றாம் வாரம் அலாஸ்கா போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகன், எழுபது வயது அம்மா. சீவர்ட் துறைமுகத்திலிருந்து கீனை ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போகும் ஆறு மணி நேரப் படகுப் பயணத்துக்குத் தலைக்கு இருநூறு டாலருக்கு மேல் ஆகிறது. விரிகுடாவை மட்டும் சுற்றிக் காட்டும் நான்கு மணி நேரப் பயணம் அதைவிட நன்றாகவே மலிவு. என் கணக்கில் நீண்ட பயணம் வீண் செலவு. பனியாறு பார்க்கத்தான் எக்ஸிட் பனியாறு வரை சாலை போகிறது, நுழைவுக் கட்டணமும் இல்லை. திமிங்கலம் தனக்குத் தோன்றிய இடத்தில் வரும். போய்வந்தவர்கள் யாராவது மறுக்கிறீர்களா?

ஏப்ரல் 9, இரவு

மறுக்கவில்லை. அரை நாள் போதும். ஆங்கரேஜில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அந்தப் படகில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை, ஆறு மணி நேரத்தில் நாலரை மணி நேரம் ஒரு காகிதப் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது அம்மாவுக்கு அந்தக் காட்சி வேண்டாம்.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதை என் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். நாலரை மணி நேரமெல்லாம் இல்லையாம். முதல் ஒன்றேகால் மணி நேரம் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடாத குறையாக நின்றிருந்தேனாம். படம் இருக்கிறது என்றார். பார்த்தேன். உண்மைதான், பல்லெல்லாம் தெரிகிறது.

அப்படியானால் வாந்தி எங்கே தொடங்கியது என்று யோசித்தேன். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுவேன்: ஐயாலிக் முனை.

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அரை நாளா, முழு நாளா என்பது மணிக்கணக்கைப் பற்றிய கேள்வியே அல்ல. படகு அந்த முனையைச் சுற்றுகிறதா இல்லையா, அவ்வளவுதான். சீவர்ட் இருக்கும் ரெசரக்‌ஷன் விரிகுடா இரு பக்கமும் மலை எழுந்து நிற்கும் நீளமான தொட்டி. வாய்ப்பக்கம் தீவுகள் காவல். பெரும்பாலான நாட்களில் அதற்குள் படகு போவது ஏரியில் போவது போலத்தான். தொட்டி முடிந்து மேற்கே திரும்பினால் அலாஸ்கா வளைகுடா. பெயர்தான் வளைகுடா, அது பசிபிக் பெருங்கடலேதான், குறுக்கே ஒரு தடுப்பும் கிடையாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் அடித்து ஓய்ந்த புயலின் மிச்சம் நீண்ட அலைகளாக வந்து படகைத் தூக்கித் தூக்கி வைக்கும். முனையைச் சுற்றி ஐயாலிக் விரிகுடாவுக்குள் நுழைந்ததும் மறுபடி தொட்டி, மறுபடி அமைதி.

குறுகிய பயணம் முனைக்கு முன்பே திரும்பிவிடும். கடலுக்குள் நேராக இறங்கி நிற்கும் பனியாறு ஒன்றுகூட முனைக்கு இந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து ‘பேர்’ (கரடி) என்ற பனியாறு தெரியும், தூரத்தில், வெள்ளை வேட்டி காயப்போட்டது போல.

ஏப்ரல் 10, சற்றுப் பின்

இதனால் என் பதில் மாறவில்லை. எழுபது வயது என்றால் எழுபது வயது.

ஏப்ரல் 13

வாந்தி வராமலிருக்க மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெக்லிசின் அங்கே எந்த மருந்துக்கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும். படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும். நான் செய்த தவறு அதுதான். அம்மா வேறு மருந்துகள் எடுப்பவராக இருந்தால் அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், பையனுக்கும் தனியாகக் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் ஏறக் கூடாது. முனை வரும்போது போனைப் பையில் போட்டுவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, கண் அறையின் சுவரைப் பார்த்து ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டும் சண்டை போட்டால் வயிறுதான் தண்டம் கட்டும்.

இரண்டாம் முறை என் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மரப்பாவை ஒரு டப்பா நிறைய எடுத்துவந்தார். முனையில் பக்கத்து இருக்கை அமெரிக்கத் தம்பதிக்கும் கொடுத்தார். அவர்கள் கண்ணில் நீர் வந்தது, உறைப்பு. ஆனால் யாரும் வாந்தி எடுக்கவில்லை. அது மரப்பாவின் வேலையா, அன்று கடல் தூங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் அம்மா மரப்பா என்றுதான் சாதிப்பார்.

ஏப்ரல் 14

பிடித்துவிட்டீர்கள். ஆம், என் அம்மா போனது முழு நாள் பயணம். ஆம், அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. மேலே இரண்டு இடத்தில் எழுபது வயதைக் காரணம் காட்டியவளும் நான்தான்.

எனக்கு வந்த வாந்திக்கு உங்கள் அம்மாவைப் பொறுப்பாக்கிவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 16

சரி, அந்த நாளை முழுதாக எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜூன் இரண்டாம் வாரம். படகு துறையை விட்டு நகர்ந்ததுமே, கப்பல்கள் கட்டியிருக்கும் இடத்திலேயே, கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டு வயிற்றின் மேல் சிப்பியை வைத்து உடைத்துத் தின்றது. அம்மா அதற்கே ‘கொடுத்த பணத்துக்கு இதுவே போதும்’ என்றார். மேலே ஒரு செங்குத்துப் பாறையில் மலையாடுகள், வெள்ளைப் பொட்டு மாதிரி. படகோட்டி ஒலிபெருக்கியில் சொன்ன பிறகும் எனக்கு அவை தெரிய ஐந்து நிமிடம் ஆனது, பக்கத்தில் இருந்த ஒரு சிறுமிக்கு அரை நொடி.

முனை. அதைப் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

முனையை ஒட்டி சிஸ்வெல் தீவுகள். பாறை முழுக்க ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள், ஒன்றன் மேல் ஒன்று. நாற்றம் முதலில் வரும், பிறகு உறுமல், கடைசியில்தான் உருவம். மேற்கு அலாஸ்காவின் இந்தக் கூட்டம் 1970களிலிருந்து பெருமளவு குறைந்து, 1997இல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. பாறையில் கிடப்பதைப் பார்த்தால் எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரியாது. கண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று. அதுவாகப் படகை நோக்கி வந்தது. திமிங்கலத்திலிருந்து நூறு கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது அலாஸ்காவில் சட்டம், அதனால் படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். அது மூச்சு விட்ட காற்று எங்கள் மேல் வந்தது. முட்டைக்கோசும் மீனும் சேர்ந்து அழுகினால் எப்படியோ அப்படி. பயண விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். குளிர்காலத்தை ஹவாய் பக்கம் ஏறக்குறையப் பட்டினியாகக் கழித்துவிட்டு இங்கே தின்னவே வருகிற உயிர், வாய் மணக்குமா?

பிறகு ஹோல்கேட் பனியாறு.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் முதல் நாள் அதைத் தொடவே இல்லை போலிருக்கிறது. படகு மிதக்கும் பனிக்கட்டிகளை மெல்ல ஒதுக்கிக்கொண்டு போய் அரை மைல் தூரத்தில் நின்றது. எஞ்சினை அணைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள், ஒருவரும் பேசவில்லை. அப்போது ஒரு சத்தம், எல்லாப் பக்கமிருந்தும், மிக மெல்லியதாக. நான் மழை என்று நினைத்தேன். அம்மா காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, ‘எண்ணெயில் கடுகு வெடிக்கிறது’ என்றார். மிதக்கும் கட்டிகள் உருகும்போது அவற்றுக்குள் அழுந்திக் கிடந்த காற்றுக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. பனி விழுந்து, மேலே பனி விழுந்து, அழுத்தி அழுத்திப் பனிக்கட்டியானபோது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய காற்று. அம்மாவுக்கு நான் இதை விளக்கியபோது, ‘அதைத்தானே சொன்னேன்’ என்றார்.

நிறம் நீலம். வானத்தின் நீலம் பிரதிபலிக்கிறது என்று நினைத்திருந்தேன், தப்பு. அன்று வானம் சாம்பல். நெருங்கி இறுகிய பனிக்கட்டி வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கி நீலத்தை விட்டுவிடுகிறது. அதனால் மேகமூட்ட நாளில்தான் அது இன்னும் நன்றாகத் தெரியும். மழை நாளில் மாட்டிக்கொண்டால் வருத்தப்பட வேண்டாம்.

மிதக்கும் கட்டிகள் மேல் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. ஜூன் மாதம் குட்டிகளின் காலம். பனிக்கட்டிகள் நடுவே ஓர்க்காக்கள் (கொலைகாரத் திமிங்கலங்கள்) எளிதில் வேட்டையாட முடியாது என்பதால் தாய்கள் இந்தக் குளிரைத் தேடி வருகின்றன. அம்மா அங்கே முக்கால் மணி நேரம் உட்காரவே இல்லை.

ஏப்ரல் 17

பனி உடைந்து விழுவதைச் சொல்ல மறந்தேன், அதற்குத்தான் எல்லோரும் போகிறார்கள். இடி போல ஒரு சத்தம் கேட்கும், திரும்பிப் பார்த்தால் பெரிய துண்டு சரிந்து தண்ணீருக்குள் போகும்.

ஏப்ரல் 17, மாலை

இல்லை, அப்படி நடக்காது. இப்போதுதான் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அரை மைல் தூரத்தில் நிற்கிறோம், சத்தம் வந்து சேர இரண்டு நொடிக்கு மேல் ஆகும். மின்னலும் இடியும் மாதிரி. சத்தம் கேட்டுத் திரும்புகிறவன் பார்ப்பது நுரையைத்தான். என் முதல் இரண்டு பயணங்களிலும் நான் பார்த்தது முழுக்க நுரை என்று இப்போது புரிகிறது. மூன்றாம் முறை அலுத்துப்போய் ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். பனிச்சுவரில் ஒரு கோடு. ஒரு மாடிக் கட்டிடம் அளவு துண்டு, சத்தமே இல்லாமல், மெதுவாக முன்னால் சாய்ந்தது. அது தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடி வந்தது. அந்த இரண்டு நொடி மௌனம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

ஆகவே பையனிடம் சொல்லுங்கள்: ஓர் இடத்தைத் தேர்ந்தெடு, கண்ணை எடுக்காதே, சத்தத்துக்குத் திரும்பாதே.

ஏப்ரல் 19

உட்காரும் இடம் பற்றி. முன்பக்க மேல்தளம்தான் சிறந்தது என்று வேறு ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன், அதை நம்பி யாரோ போய் நனைந்து வந்து திட்டியிருக்கிறார்கள். நியாயமான திட்டு. முன்பக்கம் படம் எடுக்க நல்லது, ஆனால் அலையில் அதிகம் ஏறி இறங்குவது அதுதான். முனையைக் கடக்கும்வரை கீழ்த்தளத்தில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருங்கள், ஆட்டம் குறைவு. பிறகு முன்னால் போகலாம். விலங்கு எந்தப் பக்கம் வந்தாலும் படகோட்டி படகைத் திருப்பி இரு பக்கத்துக்கும் காட்டுவார், ஓட வேண்டாம்.

கோடை என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வராதீர்கள். பனியாற்றின் மேலிருந்து இறங்கும் காற்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வருவது போல. குல்லாய், கையுறை, மழை தாங்கும் மேலங்கி.

சைவ உணவு படகில் பெயரளவுக்குத்தான். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

ஏப்ரல் 22

பென்குவின் உண்டா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஐயா, பென்குவின் தெற்கே. வெண்கரடியும் இங்கே கிடையாது, அது ஆர்க்டிக் கரையில். பிரிட்ஜ் விளம்பரம் தயாரித்தவர்கள்தான் இரண்டையும் ஒரே பனிக்கட்டியில் உட்காரவைத்தார்கள்.

ஏப்ரல் 23

பென்குவின் கேட்டவரிடம் பாதி மன்னிப்பு. பென்குவின் என்ற பெயரே முதலில் வடக்குப் பறவைக்குத்தான் இருந்ததாம்: அட்லாண்டிக்கில் வாழ்ந்த பெரிய ஆக், பறக்க முடியாதது, மனிதர்கள் தின்றே தீர்த்தார்கள், கடைசி இணை 1844இல் ஐஸ்லாந்துக் கரையில் கொல்லப்பட்டது. பிறகு தெற்கே போன மாலுமிகள் அதே மாதிரி நின்ற பறவைகளைப் பார்த்து அதே பெயரை வைத்தார்கள். அந்த ஆக்கின் நெருங்கிய உறவு மர் என்ற பறவை. சிஸ்வெல் பாறைகளில் வரிசை வரிசையாக, கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக, நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துப் ‘பென்குவின்!’ என்று கத்தாத சுற்றுலாப் படகு இருக்க முடியாது. பறக்கும், அதுதான் வித்தியாசம்.

அந்த வரிசைகளில் இப்போது இடைவெளி அதிகம். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக் சூடாகக் கிடந்தபோது மீன் இல்லாமல் அலாஸ்காவின் மர் பறவைகளில் ஏறக்குறைய பாதி, நாற்பது லட்சம் அளவில், செத்தன என்று சென்ற டிசம்பரில் ஆய்வு வெளியானது. பத்து லட்சத்துக்கு எத்தனை சுழி என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது எனக்கு.

நான் பார்க்கப் போனது பஃபின். ஆரஞ்சு மூக்கு, கோமாளி முகம். இரண்டு வகை உண்டு: வெள்ளை வயிறுள்ள கொம்புப் பஃபின், உடம்பெல்லாம் கறுத்துத் தலையில் மஞ்சள் குடுமி வைத்த குடுமிப் பஃபின். மூன்றாம் பயணத்தில் ஒரே படத்தில் பதினான்கு பஃபின் பிடித்தேன். அது இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

மே 2

நீர்நாய் பற்றிப் பையன் கேட்கிறானாம். நல்ல பையன், திமிங்கலத்தை விட்டுவிட்டு நீர்நாயைக் கேட்கிறான்.

கடலில் வாழும் மற்றப் பாலூட்டிகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மெத்தை உண்டு. நீர்நாய்க்கு அது இல்லை. முடி மட்டுமே. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை. அதைக் கோதிக் கோதிக் காற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டுதான் குளிரைத் தாங்குகிறது, அதனால் நாள் முழுக்க அலங்காரம். ஒரு நாளைக்குத் தன் எடையில் கால் பங்கு தின்ன வேண்டும்.

அந்த முடிதான் வினையானது. 1741இல் ரஷ்யாவுக்காகக் கடலோடிய கேப்டன் பெரிங்கின் கப்பலில் இந்தக் கரைக்கு வந்த இயற்கையாளர் ஸ்டெல்லர் (கடற்சிங்கத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான்) அலாஸ்கா மண்ணில் முதலில் இறங்கியபோது நின்றது பத்து மணி நேரம் மட்டும். அதாவது நாம் வாங்கும் படகு டிக்கெட்டைவிட நாலு மணி நேரம் அதிகம். அதற்குள் ஒரு நீலப் பறவையைப் பார்த்து, இது அமெரிக்கப் பறவையின் சாயல், ஆகவே இது அமெரிக்கா என்று கண்டுகொண்டார். நானோ மூன்று முறை போயும் மலையாட்டைக் காண ஐந்து நிமிடம். திரும்பும் வழியில் கப்பல் உடைந்து பெரிங் இறந்தார். உயிர் தப்பியவர்கள் நீர்நாய்த் தோல்களோடு ஊர் சேர்ந்தார்கள். அவற்றின் விலையைப் பார்த்து ரஷ்ய வேட்டைக்காரர்கள் கிளம்பினார்கள். நூறு ஆண்டு வேட்டைக்குப் பிறகு நீர்நாயும் அருகிப்போனது, ரஷ்யாவுக்கும் அலாஸ்கா சுமையானது. 1867இல் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார்கள். வாங்கிய அமைச்சர் வில்லியம் சீவர்ட், ஊர் அவர் பெயரில். 1911இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது உலகம் முழுவதும் நீர்நாய் ஓரிரண்டாயிரம்தான் மிச்சம்.

துறைமுகத்தில் சிப்பி உடைக்கிறதே, அது அந்த மிச்சத்தின் பேரப்பிள்ளை. பையனிடம் சொல்லிக் காட்டுங்கள்.

மே 3

விரிகுடாவின் பெயரைப் பற்றி ஒரு வரி எழுத வந்தேன், நீண்டுவிடும் போலிருக்கிறது. ரெசரக்‌ஷன் என்றால் உயிர்த்தெழுதல். ரஷ்ய வணிகர் பரானோவ் புயலுக்கு ஒதுங்கிய இடம், புயல் ஓய்ந்தது உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று, அதனால் பெயர். 1964 உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று 9.2 அளவில் நிலநடுக்கம், நாலரை நிமிடம். சீவர்டின் துறைமுகக் கரை அப்படியே கடலுக்குள் சரிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன, அதன் மேல் அலை வந்தது, எரிகிற அலை.

மே 3, மறுபடி

ஞாயிறு இல்லை. 1964 மார்ச் 27, புனித வெள்ளி. திருத்தப் போன இடத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது: எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரை தட்டி நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது 1989 மார்ச் 24. அதுவும் புனித வெள்ளிதான். கொட்டியது கிழக்கே பிரின்ஸ் வில்லியம் சவுண்டில், ஆனால் எண்ணெய் நகர்ந்து இந்தக் கரைக்கும் வந்தது, நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. முடியில் எண்ணெய் ஒட்டினால் காற்று நிற்காது, குளிரிலேயே சாகும். சீவர்டில் 1998இல் திறந்த அலாஸ்கா சீலைஃப் மையம் அந்த வழக்கில் வந்த இழப்பீட்டுப் பணத்தில் பெரும்பங்கு கட்டியது. படகு நாளில் மழை கொட்டினால் அங்கே போகலாம், பஃபினை ஒரு கை தூரத்தில், தண்ணீருக்கடியில் சிறகடித்து ‘பறப்பதை’க் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

மே 11

எக்ஸிட் பனியாறு இலவசம் என்ற உங்கள் முதல் வாதத்துக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. 

இலவசம்தான். பூங்காவில் சாலை போகும் ஒரே இடம் அது. 1968இல் ஹார்டிங் பனிவெளியை முதன்முதலில் குறுக்கே கடந்தவர்கள் அந்த வழியாக இறங்கி வெளியேறினார்கள், அதனால்தான் அந்தப் பெயர். பனிவெளி மேலே 700 சதுர மைல் பரப்பில் கிடக்கிறது. அங்கிருந்து நாற்பதுக்கு அருகில் பனியாறுகள் நாலா பக்கமும் வழிகின்றன. எக்ஸிட்டும் ஹோல்கேட்டும் ஒரே தாயின் பிள்ளைகள்தான், ஒன்று மண்ணில் இறங்கியது, ஒன்று கடலில்.

வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், அந்த ஆண்டு பனி இதுவரை இருந்தது என்று. 1917 பலகையைச் சுற்றி இன்று காடு. 2015இல் ஒபாமா அதிபராக இருந்தபோது வந்து நின்று பேசிய இடம் இதுதான். 2010 பலகையருகே நின்றாலும் பனியைத் தேடி எட்டிப் பார்க்க வேண்டும். பூங்காவின் 19 பனியாறுகளை 1984 முதல் படங்கள் வைத்து அளந்ததில் 13 தெளிவாகப் பின்வாங்கியிருக்கின்றன. அதில் ஒரு விநோதம்: பகூனா என்ற பனியாறு அப்படிப் பின்வாங்கவில்லை. 1964 நிலநடுக்கத்தில் சரிந்த பாறையும் மண்ணும் அதன் மேல் போர்வையாக மூடி வெயிலை மறைத்துக்கொண்டிருக்கின்றன.

எக்ஸிட்டில் பார்ப்பது பனியாறு இருந்த இடம். ஹோல்கேட்டில் பார்ப்பது பனியாறு. இரண்டும் பாருங்கள், ஆனால் ஒன்றுக்கு மற்றது ஈடு என்று சொல்லாதீர்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு முழு நாள் போங்கள். போதுமா? ஏப்ரல் 9 அன்று எழுதியதை அழித்துவிட முடியுமா என்று பார்த்தேன், முடியாது போலிருக்கிறது.

மே 12

ஒரு நிபந்தனை: சீவர்டில் இரண்டு இரவு தங்குங்கள். கடல் மோசமென்றால் நாள் மாற்ற வழி இருக்கும். ஆங்கரேஜிலிருந்து காலை ரயிலில் வந்து, படகு ஏறி, மாலை ஆறு மணி ரயிலில் திரும்பலாம் என்று சொல்வார்கள். நேரம் கச்சிதமாகப் பொருந்தும், காட்சியும் அழகு. ஆனால் அன்றைய கடல் எப்படியோ அதுதான் உங்கள் தலையெழுத்து.

ஜூன் 20

இரண்டு இரவு அறை கிடைக்கவில்லை, ஒரு இரவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஜூலை, வேறென்ன நடக்கும். மரப்பா வாங்கிவிட்டீர்களா?

ஜூலை 24

வந்த செய்தியைச் சுருக்கி இங்கே போடுகிறேன், அவரே போடச் சொன்னார். முனை வரை போனார்களாம். அலை எழுந்து முன்கண்ணாடியில் அடித்ததாம். படகோட்டி ஒலிபெருக்கியில், ‘இதற்கு மேல் போனால் நீங்கள் யாரும் என்னை வாழ்த்த மாட்டீர்கள்’ என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார். மீதி நேரம் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றினார்கள். ‘நீங்கள் முதல் நாள் பரிந்துரைத்த பயணத்தைத்தான் கடைசியில் பார்த்தோம், முழு நாள் விலை கொடுத்து’ என்று முடித்திருக்கிறார்.

ஆங்கரேஜிலிருந்து சீவர்டுக்கு வரும் சாலை ஒட்டிப் போகும் கடலுக்கே பெயர் டர்னகெய்ன், ‘மறுபடி திரும்பு’ என்று அர்த்தம். 1778இல் கேப்டன் குக் வழி தேடி வந்து, வழியில்லாமல் திரும்பிப் போனதால் வந்த பெயர். நல்ல துணை கிடைத்திருக்கிறது உங்களுக்கு. திருப்பிய படகோட்டி சரியானவர்.

ஜூலை 25

அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். படகில் மூன்று நீர்நாய், ஓர் ஓர்க்காக் கூட்டம், பிறகு நல்ல தூக்கம். மறுநாள் எக்ஸிட். 1951 பலகையருகே நின்று, ‘நான் பிறக்க நாலு வருஷம் முன்னாடி இங்கே பனியா?’ என்று கேட்டுவிட்டு, பலகையிலிருந்து பனி வரை நடந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, பார்வைமேடை வரை ஏறிவிட்டார். மகனும் மனைவியும் மூச்சு வாங்கப் பின்னால். எழுபது வயதைப் பற்றி நான் இனி எங்கும் வாய் திறக்கப் போவதில்லை.

ஜூலை 27

பையன் எடுத்த படத்தை அனுப்பி, ‘இது பஃபின்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மூக்கைப் பாருங்கள், ஒல்லியாகக் கறுப்பாக இருக்கிறது. மர்.

ஜூலை 27, இரவு

கூடத்தில் தொங்கும் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று மர்.